ஜீவானந்தம் போகாத வகுப்பு

வகுப்பில் படித்ததை அங்கேயே விட்டுவிட்டு வருவதுதான் ஊர் வழக்கம். ஜீவானந்தத்துக்கு அது கைவரவில்லை. தத்துவ அறிமுக வகுப்பில் ஆஷ்லின் மேடம் ஒரு வாரம் 'அறிவின் எல்லை' நடத்தினாலும் நடத்தினார், எதுவுமே உறுதியாகத் தெரியாது என்று பிடித்துக்கொண்டான். ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "நேத்து வந்துச்சுன்னா இன்னைக்கும் வருமா?" என்பான். கூடப் படிக்கும் இலக்கியா தலையில் அடித்துக்கொள்வாள். அடுத்த வாரம் அறவியல். அதற்கு அவன் வரவே இல்லை. சொந்த ஊர் மாரமங்கலத்தில் மிளகு அறுவடை, ஏணியில் ஏறிவிட்டான்.

அந்தப் பாதிப் படிப்போடுதான் இன்று கிளியூரில் இலக்கியா வீட்டுக்கே பெண் கேட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். மிளகு பறிக்கிற பையன் வேண்டவே வேண்டாம் என்று முறுக்கிக்கொண்டிருந்த அப்பா சின்னத்தம்பியை, அழுது, பட்டினி கிடந்து, ஒரே ஒரு தடவை பார்க்கச் சம்மதிக்க வைத்திருந்தாள் இலக்கியா. இன்று கெட்டால் இன்னொரு தடவை கிடையாது.

சின்னத்தம்பி காப்பியைக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஏனுங்க தம்பி, எம் பொண்ணைக் கடைசி வரைக்கும் கண்ணு கலங்காம வெச்சுக்குவீங்களா?"

"அதை இப்பவே எப்படீங்க அறிய முடியும்? நாளைக்கு நடக்கறது யாருக்கும் தெரியாதுங்களே."

சமையலறைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் இலக்கியா. பாவி, 'சரிங்க' என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கக் கூடாதா.

"நொம்ப சரி. காப்பியக் குடிச்சுட்டுக் கெளம்புங்க" என்று அப்பா எழுந்தார்.

இலக்கியா வெளியே வந்துவிட்டாள். "அப்பா உங்கிட்ட ஜோசியமா கேட்டாரு? வாக்குக் கேட்டாரு. நடக்கப் போறதைச் சொல்றது வேற, நான் இப்படி நடந்துக்குவேன்னு சொல்றது வேற. மேடம் ஒரு நாள் முழுக்க அதைத்தான் நடத்துனாங்க. நீ மெளகு பறிக்கப் போயிட்டே."

ஜீவானந்தம் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு எழுந்து நின்றான்.

"கண்ணே கலங்காதுன்னு சொல்ல எனக்குத் தெரியலீங்க. கலங்கறப்ப நான் பக்கத்துல இருப்பேனுங்க. இது வாக்குங்க."

சின்னத்தம்பி அவனையே பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார்.

"காப்பி ஆறிப்போச்சு, கண்ணு. வேற போட்டுக் கொண்டா."

"சக்கரை போடட்டுமா?" என்று அவனிடம் கேட்டாள் இலக்கியா, கோபம் இன்னும் அடங்காமல்.

'தெரியல' என்று வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "போடு" என்றான்.