சுருமாகி காய்களைக் கவிழ்த்திருக்கலாம்

1

சுருமாகியிடம் தோற்றுத் தோற்று எரிச்சலாகித்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். உன்னத நோக்கம் ஏதோ இருப்பதாக நினைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ஜப்பானின் அமகசாகி நகரத்து மாலை மழையில் மாஜாங் காய்களின் ஓசை ஒரு... (சகிக்கவில்லை. விட்டுவிட்டேன்.)

2

மாஜாங் என்ற காய் ஆட்டத்துக்கு நான்கு பேர். ஆளுக்கொரு காயாக எடுத்து, வேண்டாததை வீசி, ஜோடியும் வரிசையுமாகக் கை சேர்க்க வேண்டும். முறைவைத்து ஒருவர் ஓயா. ஓயா என்றால் பெற்றோர். மற்ற மூவரும் பிள்ளைகள். ஓயா ஜெயித்தால் ஒன்றரை மடங்கு வரவு, பதவியும் நீடிக்கும். ஆனால் ஒரு பிள்ளை, தானே எடுத்த காயால் ஜெயித்துவிட்டால், மற்றவர்கள் கொடுப்பதைப்போல ஓயா இரண்டு மடங்கு அழ வேண்டும். [இந்த இரண்டாம் பாதியை எந்த மேலாளரும் படிப்பதில்லை.]

சுருமாகி ஓய்வுபெற்ற மேலாளர். ஓயாவாக உட்கார்ந்ததும் முதுகு நிமிர்ந்துவிடும். அடுத்தவர் வீசும் காய்க்கெல்லாம் அபிப்பிராயம் சொல்வார்.

அவருக்கு இடப்பக்கம் மனைவி மிட்சுயோ. ஹிமேஜிக்குப் போய்த் தனியாக ஒரு கட்லெட் கடை போட வேண்டும் என்பது அவள் ஆசை. "இன்னைக்கு ஆட்டத்துல என்னை முந்திக் காட்டு, அப்புறம் போ" என்றிருந்தார் சுருமாகி. நான் ஒரு ஆள். இன்னொரு ஆள் கிடைக்காததால் மாஜாங் கடைக்கார அம்மாள் ஒகினோவே உட்கார்ந்துவிட்டார்.

(மிட்சுயோ ஏன் இதற்குச் சம்மதித்தாள்? கோபக்காரியாக எழுதிப் பார்த்தேன், அழுமூஞ்சியாக எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொருந்தவில்லை. நன்றாக ஆடுவாள், அவ்வளவுதான்.)

3

கடைசிச் சுற்று. சுருமாகிதான் ஓயா, அவரே முன்னிலை. இரண்டாவது மிட்சுயோ. காய்கள் தீர்ந்துவிட்டன, யாரும் ஜெயிக்கவில்லை. சுருமாகியிடம் இருந்தது ஜெயிக்க ஒரே ஒரு காய் குறைந்த கை. இருந்தாலும் "கை சேரவில்லை" என்று சொல்லிக் கவிழ்த்துவிடலாம், விதியில் இடமுண்டு. கொஞ்சம் அபராதம் போகும், ஆட்டம் முடியும், முதலிடம் அவருக்கே.

"கவுத்துட்டு எந்திரிங்க, ஓயா" என்றார் ஒகினோ.

"என்கிட்ட ஒண்ணும் இல்லைன்னு நான் சொல்லணுமா? என் சர்வீஸ்லயே சொன்னதில்லம்மா." காய்களை விரித்துக் காட்டினார். விரித்தால் பதவி நீடிக்கும். கூடவே இன்னொரு ஆட்டமும் உண்டு.

"ஆபீஸ்லயும் இப்படித்தான்" என்று மிட்சுயோ ஒகினோவிடம் சொன்னாள். "வழியனுப்பு விழா முடிஞ்சப்புறமும் நாலு நாள் போய் உக்காந்திருந்தார்."

4

அடுத்த ஆட்டத்தில் மிட்சுயோ "ரீச்" என்றாள். 'இன்னும் ஒரே காய், என் கை தயார்' என்ற அறிவிப்பு அது. சொன்ன பிறகு, எடுக்கிற காய் வெற்றிக் காயாக இல்லாவிட்டால், எதுவானாலும் வீசியே ஆக வேண்டும்.

முடிவு அ: அவளே காய் எடுத்து ஜெயிக்கிறாள், சுருமாகி இரட்டிப்பாக அழுகிறார். (நீங்கள் கைதட்டுவீர்கள். எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.)

முடிவு ஆ: சுருமாகி ஜெயித்து எங்களுக்கு வகுப்பெடுக்கிறார். (வேறு ஆளைப் பாருங்கள்.)

நடந்தது என்னவென்றால், அவள் வீசிய காய் எனக்கு வேண்டிய காய். "ரோன்", அதாவது 'நீ வீசிய காயால் நான் ஜெயித்தேன்' என்று நான் சொன்னால் எனக்குச் சில்லறைப் புள்ளிகள் வரும், ஆட்டம் முடியும், முதலிடம் சுருமாகிக்கு. கட்லெட் கடை போச்சு. வாயை மூடிக்கொண்டேன். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்.

சுருமாகி அடுத்த காயை எடுக்கக் கை நீட்டினார். மிட்சுயோ அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கொஞ்சம் இருங்க. ரைட்டர் சார், காயைப் பாத்ததும் உங்க மூச்சு நின்னுச்சு. இது உங்க காய்தானே?"

"இல்லம்மா, அது வந்து..."

"பொய் சொல்லாதீங்க. எனக்கு நல்லது பண்றேன்னு வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார். நீங்களும் ஆரம்பிச்சிடாதீங்க."

5

"ரோன்" என்று சொன்னால் அவள் அந்த வீட்டுக்கே திரும்ப வேண்டும். சொல்லாவிட்டால், அவள் ஜெயித்தாலும் அது நான் போட்ட பிச்சை. அது அவளுக்கும் தெரியும். இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை, வெட்கமாக இருக்கிறது. நான் எழுந்துகொள்கிறேன், நீங்கள் வந்து என் இடத்தில் உட்காருங்கள். சீக்கிரம். அவள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.