அசனத்துச் சேனை

நேசபாய் அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், ஜெயசிங் சார் வீட்டுப் பின்முற்றத்தில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் அத்தனையும் நின்றன.

"ஒனக்கு எதுக்கு மக்கா இந்தக் கஷ்டம்?" என்றார் சார். குரலில் தேன் வழிந்தது. "நீ போய் இரி. சாப்பாடு ஆகும்போ விளிக்கேன்."

நேசபாய் எழுந்தாள். சாரின் மருமகள் ஷைஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

அருமனைப் பக்கத்தில் சார் வீட்டுத் தெருவோடு ஒட்டிய சபையின் பத்து சென்ட் நிலம், பல வருடமாகப் பாட்டில்களையும் பாம்புகளையும் மட்டுமே விளைவித்து வந்தது. அதைப் பொதுக் காய்கறித் தோட்டமாக்கி, முதல் விளைச்சலைச் சபையே கூடி உண்ணும் அசன விருந்துக்குக் கொடுப்பதென்று எட்டு வீட்டார் தீர்மானித்தார்கள். தீர்மானம் போட எட்டு வீட்டார். மண் கொத்த, வாய்க்காலுக்கு அக்கரையிலிருந்து நேசபாய். அவள் கை நட்டது பட்டுப்போகாது என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். ஆனால் அதே கை காயைப் பறிக்கக் கூடாது, நறுக்கக் கூடாது. செத்த மாடு தூக்கியவரின் பேத்தியாம். கர்த்தரின் சந்நிதியில் எல்லாரும் ஒன்று. கறிச்சட்டியின் சந்நிதியில்தான் கொஞ்சம் பாகுபாடு. கடற்கரையில் தம் கையால் சீஷருக்கு மீன் சுட்டுப் பரிமாறியவர் அந்தக் கர்த்தர் என்பது யாருக்கும் நினைவில்லை.

தோட்டத்தில் போய் நின்ற நேசபாய், சார் மண்வெட்டியோடு வேலியோரம் போவதைக் கண்டாள்.

"சாரே, அது காட்டுச்சேனையாக்கும். சொறியும். நான் நட்டது அந்தால நிக்கு."

உட்காரவிடாத கோபத்தில் நல்ல கிழங்கை ஒளிக்கிறாள் என்று சார் முடிவுகட்டினார். "முப்பது வருசம் தாவரவியல் படிப்பிச்ச எனக்கா சேனை தெரியாது?" என்று வேலியோரத்துக் கிழங்கையே தோண்டிக்கொண்டு போனார்.

தேங்காய் வறுத்துக் கொட்டிய சேனை எரிசேரி ஊரையே மணக்க வைத்தது. முதல் பந்தி பாதி ஆனபோது போதகர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பாடகர் குழு மொத்தமும் நாக்கை வெளியே நீட்டியது. ஜெயசிங் சார் வாயைத் திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை. அப்படியோர் அற்புதத்தை அந்தச் சபை அதுவரை கண்டதில்லை.

நேசபாய்க்குச் சிரிப்பு வந்தது. உடனே அதற்காகக் கர்த்தரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு ஓடிப்போய், இருந்த புளியெல்லாம் கரைத்து உப்பிட்டு, பானையோடும் தன் வீட்டு டம்ளர்களோடும் வந்து நின்றாள். ஒரு நொடி யாரும் கை நீட்டவில்லை. முதலில் போதகர் நீட்டினார். பிறகு தள்ளுமுள்ளு. சார் மட்டும் மூன்று டம்ளர் குடித்தார்.

குரல் திரும்பியதும் அவர் பேசிய முதல் வார்த்தை நன்றி அல்ல.

"மருந்தாட்டுதானே குடிச்சோம்," என்றார் பொதுவாக. "சாப்பாடாட்டு இல்லியே."

பலர் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். நேசபாய் பானையைத் தூக்கினாள். அப்போது ஷைஜா வந்து டம்ளரை நீட்டினாள்.

"பிள்ளே, ஒங்களுக்கும் சொறியுதா?"

"இல்லக்கா. நான் சேனையைத் தொடவேயில்ல. தாகமாக்கும்."

மாமனார் பார்க்க, சபை பார்க்க, நின்று நிதானமாகக் குடித்தாள். கடைசி மடக்கில் முகத்தைச் சுளித்தாள்.

"உப்பு கூடிப்போச்சுக்கா."

நேசபாய் பானையை இறக்கி வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தத் தெருவில் அவள் கைப்பக்குவத்தை ருசி பார்த்து ஒருத்தி குறை சொன்னது அதுதான் முதல்முறை.