பயிற்சி வண்டி

மார்ச் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, மாலை நான்கு இருபதுக்கு, நகர நூலகத்தின் முதல் மாடியில் உள்ள பயிற்சி அறையிலிருந்து போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு விண்ணப்பம் போனது. கேட்ட பணி: டைம் கீப்பர். விண்ணப்பதாரரின் வயது: பதினெட்டு. முன் அனுபவம்: விமானம் ஓட்டியது. பணி மாற்றம் கேட்பதற்கான காரணம்: நன்றாகத் தூங்க வேண்டும்.

பணியாளர் எண் மட்டும் சரியாக இருந்தது.

அந்த எண்ணுக்கு உரியவருக்கு வயது ஐம்பத்தொன்று. இருபத்து நான்கு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். ஆறு மாதமாக அவருக்கு இடுப்பில் தொடங்கி இடது கால் கட்டைவிரல் வரை ஒரு வலி சுருக்கென்று இறங்குகிறது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வருஷம் டிரைவர் சீட்ல உக்காந்தீங்கன்னா, அப்புறம் எந்த சீட்லயும் உக்கார முடியாது" என்று சொல்லிவிட்டார். டெப்போவில் அவருக்குத் தோதான இடம் ஒன்றே ஒன்றுதான் காலியானது. எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று குறிக்கிற டைம் கீப்பர் வேலை. கணினி வழியாக மட்டுமே விண்ணப்பிக்க வேண்டும். ஒருவருக்கு ஒரே விண்ணப்பம். கடைசி நேரம் மார்ச் பதிமூன்று, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

ஓட்டுநருக்குக் கைப்பேசியில் பேசத் தெரியும். பேசி முடித்ததும் வைக்கத் தெரியும். அதற்கு மேல் போனது இல்லை. அதனால்தான் நூலகத்தில் திங்களும் புதனும் நடக்கிற இலவச வகுப்பில் சேர்ந்தார். அங்கே எல்லா வயதும் இருந்தது. விளையாட்டு எல்லாம் தெரிந்து ஒரு கடிதம் அனுப்பத் தெரியாத பள்ளிக்கூடப் பெண்ணிலிருந்து, பேத்தியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்காகவே வரும் ஓய்வுபெற்ற கம்பவுண்டர் வரை. பாடம் எடுத்தவர் நூலக உதவியாளர். வயது முப்பதைத் தாண்டவில்லை. ஆனாலும் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தப் புதன்கிழமை ஓட்டுநர் ஒரு காகிதத்தை நீட்டினார். டெப்போ அறிவிப்பிலிருந்து அவர் பார்த்து எழுதிக்கொண்டு வந்த இணைய முகவரி.

"டீச்சர், இது எப்படித் திறக்கிறதுன்னு காட்டுங்க."

டீச்சர் நூலகத்தின் கையடக்கக் கணினியான டேப் ஒன்றில் முகவரியை அடித்தார். படிவம் வந்தது. "பாத்துக்கிட்டு இருங்கண்ணே, ஒரு நிமிஷம்" என்று அவர் நகர்ந்ததற்குக் காரணம் கம்பவுண்டர். கம்பவுண்டரின் கைப்பேசி, அவர் தொட்டதை எல்லாம் ஒரு பெண் குரலில் சத்தமாகப் படிக்க ஆரம்பித்திருந்தது. அதை நிறுத்தப் போன டீச்சருக்கு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

ஓட்டுநர் படிவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். போன வாரம் இதே மாதிரி ஒரு படிவத்தைக் கொடுத்து, "மனசுல தோணினத எழுதுங்க, கை பழகணும், அவ்வளவுதான்" என்று டீச்சர் சொல்லியிருந்தார். அவர் எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு எழுத்தையும் ஹாரன் அடிப்பதுபோல அழுத்தினார்.

பக்கத்து நாற்காலியில் தையல்கடைக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "வயசு என்னண்ணே போடப் போறீங்க?"

"நீங்களே சொல்லுங்க."

"பதினெட்டுன்னு போடுங்க. கேக்க யாரு இருக்கா."

"அனுபவம்னு கேக்குது."

"பஸ்ஸெல்லாம் எதுக்கு? ப்ளேன் ஓட்டினேன்னு போடுங்க. நாங்களும் ஒரு ப்ளேன் டிரைவர் பக்கத்துல உக்காந்தோம்னு சொல்லிக்கிறோம்."

இருவரும் சிரித்தார்கள். பணியாளர் எண்ணை மட்டும் அவர் யோசிக்காமல் அடித்தார். மனப்பாடமாகத் தெரிந்த எண் அது ஒன்றுதான். கடைசியில் இருந்த பச்சைப் பொத்தானையும் அழுத்தினார். கை நன்றாகப் பழகிவிட்டது என்று ஒரு நிறைவோடு வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை அவருக்கு வார விடுப்பு. காலைச் சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்து, கண்ணாடியைப் போட்டு, தன் சொந்தக் கைப்பேசியை நடுவில் வைத்து உட்கார்ந்தார். மனைவி எதிரே உட்கார்ந்து மருத்துவச் சான்றிதழைப் படித்துச் சொல்லத் தயாராக இருந்தார். காகிதத்தைப் பார்த்து முகவரியை அடித்ததும் வந்த படிவம் முதலில் பணியாளர் எண்ணைக் கேட்டது. அடித்தார். சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: இந்த எண்ணில் ஏற்கெனவே விண்ணப்பம் பெறப்பட்டுள்ளது.

அழித்துவிட்டு மறுபடி அடித்தார். அதே வரி.

"உங்க நம்பர யார்கிட்ட குடுத்தீங்க?" என்றார் மனைவி.

"யார்கிட்டயும் குடுக்கல."

"பின்ன யாரு போட்டது?"

அவருக்கு ஒரே ஒருவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். அவர் வண்டியின் நடத்துநர். குரல் காரணமாக டெப்போவில் அவருக்கு மைக் என்று பெயர். மைக்கும் அதே வேலைக்கு ஆசைப்படுகிறார் என்பது ஊரறிந்த ரகசியம். உடனே கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, என் நம்பர்ல நீ ஏதாவது போட்டியா?"

"என்னண்ணே இது, காலங்காத்தால. என் நம்பர்ல போடவே எனக்குத் தெரியல. என் மச்சான்தான் போட்டுக் குடுத்தான். உங்க நம்பர்ல போட்டு நான் என்ன பண்ணப் போறேன், உங்களுக்கு வேலை வாங்கித் தரவா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இதற்குள் மனைவி கைப்பேசியை வாங்கி, திறக்காமலே கிடந்த இருநூற்றுச் சொச்சம் குறுஞ்செய்திகளுக்குள் தேடி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்.

"இந்தா பாருங்க. விண்ணப்பம் பெறப்பட்டது. புதன்கிழமை, நாலு இருபது. நாலு இருபதுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"கிளாஸ்ல இருந்தேன். டீச்சரே சொல்லுவாங்க."

"அப்ப நீங்க இல்ல."

"அதான் நானும் சொல்றேன்."

நூலகத்தில் டீச்சர் புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் நீட்டிய கைப்பேசியில் செய்தியைப் படித்தார். நேரத்தைப் பார்த்தார். பிறகு ஓட்டுநரைப் பார்த்தார்.

"அண்ணே, அன்னிக்கி நான் கம்பவுண்டர் ஐயாகிட்ட போனப்ப நீங்க அந்த ஃபாரத்துல ஏதாவது எழுதினீங்களா?"

"எழுதினேன். பழகத்தானே."

"அனுப்பிட்டீங்களா?"

"பச்சை பட்டனை அமுக்கினேன். அது டேப்ல தானே டீச்சர்."

"டேப்ல இருந்தாலும் அது நிஜ ஃபாரம்ணே."

ஓட்டுநருக்கு இது பிடிபடவில்லை. அவர் அலமாரிக்குப் போய் ஒரு டேப்பை எடுத்துத் திருப்பிக் காட்டினார். முதுகில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: பயிற்சிக்கு மட்டும்.

"இதப் பாருங்க. நான் பஸ்ல சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தவன். வண்டில எல் போர்டு மாட்டியாச்சுன்னா அது எந்த ரோட்டுல போனாலும் பயிற்சி வண்டிதான். பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கிறவர் காலுக்கு அடியில தனியா பிரேக் இருக்கும். போர்டு வண்டிலதான் மாட்டுவாங்க, ரோட்டுல மாட்ட மாட்டாங்க. சொந்த வண்டில போனாத்தான் நிஜம். அதனாலதான் இன்னிக்கி என் ஃபோன்ல போட உக்காந்தேன்."

டீச்சர் டேப்பை வாங்கிக்கொண்டார். "அந்தச் சீட்டு, யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு ஒட்டினதுண்ணே" என்றார் மெதுவாக. "போன வாரம் குடுத்தது நானே செஞ்ச பொய் ஃபாரம். எங்கயும் போகாது. இது போயிடுச்சு. பக்கத்துல பிரேக்கும் இல்ல. நான்தான் அங்க உக்காந்திருக்கணும்."

"அப்ப எது பொய், எது நிஜம்னு எப்படித் தெரியும்? ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு."

டீச்சர் இரண்டு படிவங்களையும் டேப்பில் திறந்து காட்டினார். மேலே முகவரியைப் பார்க்க வேண்டும் என்றார். ஓட்டுநர் பார்த்தார். இரண்டுமே எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரிந்தன. டீச்சர் நடந்ததை ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, நூலக முத்திரை குத்திக் கொடுத்தார்.

டெப்போவில் கிளை மேலாளர் மூன்றரைக்குத்தான் வந்தார். எழுத்தர் அவருடைய திரையில் விண்ணப்பத்தைத் திறந்து வைத்தார். மேலாளர் ஒவ்வொரு வரியாக, அவசரமில்லாமல் வாய்விட்டுப் படித்தார்.

"விமானம் எத்தனை வருஷம் ஓட்டினீங்க?"

"சார், பயிற்சி வண்டின்னு நெனச்சுட்டேன்."

"தூங்கணும்னு வேற போட்டிருக்கு."

"அது ஒண்ணு உண்மைதான் சார். வலில தூக்கமே இல்ல."

எழுத்தர் குனிந்து எதையோ தேடினார். மேலாளர் சிரிக்கவில்லை. டீச்சரின் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"நாளைக்கி டைம் கீப்பர் ரூம்ல உக்காந்தீங்கன்னா முழுக்க முழுக்க கம்ப்யூட்டர். நீங்க ஒரு வண்டி போயிடுச்சுன்னு அடிச்சீங்கன்னா அது போயிடுச்சுன்னு அர்த்தம். ஸ்டாப்புல நிக்கிறவங்க ஃபோன்ல அதைத்தான் பாப்பாங்க. எது நிஜம்னு தெரியாத ஆளை எப்படி அங்க உக்கார வைக்கிறது?"

ஓட்டுநர் நின்றபடியே காலை மாற்றிக்கொண்டார். வலி கட்டைவிரலுக்கு இறங்கியிருந்தது. "தெரியல சார்" என்றார். "எனக்கு இன்னும் சரியாப் புரியல. ஆனா புரியாம இனிமே எந்த பட்டனையும் அமுக்க மாட்டேன். கேட்டுட்டுத்தான் அமுக்குவேன்."

"எல்லாத்துக்கும் கேட்டா அடுத்த வண்டி எப்பப் போறது?"

"பழகற வரைக்கும்தான் சார். பஸ்ஸும் நான் அப்படித்தான் பழகினேன்."

மேலாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலே கால். விண்ணப்பத்தை நீக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. திருத்தத்துக்காகத் திறந்துவிட மட்டும் இருந்தது. திறந்துவிட்டார். "நீங்களே அடிங்க. அவர் கை வைக்கக் கூடாது" என்று எழுத்தரைக் காட்டினார்.

எழுத்தர் நாற்காலியை விட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் கைகட்டி நின்றார். ஓட்டுநர் வயதைத் திருத்தினார். ஐம்பத்தொன்று. அனுபவத்தைத் திருத்தினார். ஒவ்வொரு கட்டத்துக்கும் திரும்பிப் பார்த்தார்.

"இது நிஜம்தானே?"

"நிஜம்தாண்ணே."

"இதுவும்?"

"எல்லாமே நிஜம். நீங்க பாட்டுக்கு அடிங்க, மணி ஆவுது."

காரணம் என்ற கட்டத்துக்கு வந்தபோது நாலே முக்கால். முதுகுத்தண்டு என்ற சொல்லை அடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. பச்சைப் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு மேலாளரைப் பார்த்தார். திரையின் மேலே இருந்த முகவரியையும் ஒருமுறை பார்த்தார். எறும்புகள்தான். நான்கு ஐம்பத்திரண்டுக்கு அழுத்தினார்.

மார்ச் இருபத்தேழாம் தேதி ஆணை வந்தது. விண்ணப்பித்தவர்கள் இரண்டு பேர். பணிமூப்பு அடிப்படையில் ஓட்டுநருக்கு இடம் கொடுக்கப்பட்டது. மூன்று மாதம் தற்காலிகம், அதன் முடிவில் கணினித் தேர்வு. ஏப்ரல் ஆறாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறு மணிக்கு அவர் டெப்போ வாசலை ஒட்டிய டைம் கீப்பர் அறையில் பொறுப்பேற்றார்.