ஒரு கொடுவாவும் ஏழு மோட்டாரும்

என் வீட்டுக்காரர் எப்படிப்பட்ட மனிதர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் அவருக்கு நெஞ்சு வலி வந்து வியர்த்துக் கொட்டியது. வாசலில் கார் நிற்கிறது, ஏறுங்கள் என்றால், "மோட்டாரு ஓடுது, கடைசி வயலுக்குத் தண்ணிய திருப்பிவுட்டுட்டு வரேன்" என்றார். துரைக்கண்ணு என்று பேர். வலங்கைமான் பக்கம் எட்டு மா நிலம். என் பிரசவத்துக்குக்கூட மோட்டாரை நிறுத்தாதவர், நெஞ்சு வலிக்கா நிறுத்தப் போகிறார்? நான்கு பேர் தூக்கித்தான் காரில் போட்டோம்.

தஞ்சாவூரில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். எண்ணெயில் பொரித்தது வாயில் படக்கூடாது, தினமும் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். இவர் டாக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார், ஏதோ நான் சொல்லிக்கொடுத்து அவர் ஒப்பிக்கிற மாதிரி.

அன்றிலிருந்து வீட்டில் ரகளைதான். மீன் வறுவல் இல்லாத சோறு சோறே இல்லையாம். நாலு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுவார். நடக்கச் சொன்னால் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து "நடந்தாச்சு" என்பார். கடைத்தெரு வறுவல் கடையில் இவரைப் பார்த்ததாக இரண்டு பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். எங்கள் மகள் பிரதீபா சென்னையிலிருந்து ஓர் ஓவன் வாங்கி அனுப்பினாள். எண்ணெய் இல்லாமலே மீனைச் சுடலாம் என்றாள். இவர் பத்து நாள் அந்தப் பெட்டியைப் பிரிக்கவே விடவில்லை. கடைசியில் நேற்றுக் காலையில்தான் இறங்கி வந்தார்.

"சரி, இன்னைக்கு ஒருநாள் தின்னு பாக்குறேன். வாய்க்கு வெளங்கலன்னா அப்புறம் வறுவல்தான். நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"பேசல" என்றேன், எரிச்சலில். சொன்ன பிறகுதான் உறைத்தது. இவர் வறுவலுக்குத் திரும்பினால் அடுத்த குறுவைக்கு இருப்பாரா?

நாகப்பட்டினத்திலிருந்து பைக்கில் ஐஸ் பெட்டியோடு வருகிற ஜெயபாலிடம் ஒன்றரைக் கிலோவில் ஒரு கொடுவா மீன் எடுத்தேன். செதிலையும் குடலையும் எடுத்துவிட்டு மீனை முழுசாகக் கொடு என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, பாத்திரம் எடுக்க உள்ளே போனேன். ஒரு நிமிஷம்தான். திரும்பி வந்தால் வால் பக்கம் பாதி மீன் மெல்லிய துண்டுகளாகக் கிடக்கிறது.

"ஏம்ப்பா ஜெயபாலு, முழுசான்னு சொன்னனே!"

"அண்ணன்தானக்கா வறுவலுக்குப் போடச் சொன்னாரு."

அண்ணன் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் அப்படி என்ன காய்த்துத் தொங்கியதோ தெரியவில்லை. துண்டுகளை ஃப்ரீசரில் திணித்துவிட்டு, தலையோடு மிஞ்சிய பாதியைக் கீறி இஞ்சி, பூண்டு, மிளகு, மஞ்சள், எலுமிச்சைச் சாறு எல்லாம் தடவினேன். பக்கத்தில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

"மீனுக்கு மருதாணியா வக்கிற?"

இன்னும் ஒரு கை மசாலாவை அள்ளி அப்பினேன்.

முதலில் பத்து நிமிஷம் சும்மா சூடு பண்ணு, பிறகு மீனை வைத்து இருபத்தைந்து நிமிஷம் என்று பிரதீபா போனில் சொல்லியிருந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஓவனைப் போட்டேன். அவள் சொன்னபடியே செய்தேன். டிங் என்று மணி அடித்தது. திறந்து பார்த்தால், ஐஸ் பெட்டியில் எந்த முகத்தோடு கிடந்ததோ அதே முகத்தோடு மீன் என்னைப் பார்த்தது. தொட்டால் வெதுவெதுப்பு. அவ்வளவுதான்.

அப்போதுதான் தலையைத் தூக்கி மேலே பார்த்தேன். டியூப்லைட் துடித்துக்கொண்டிருந்தது. விசிறி ஒவ்வொரு இறக்கையாக எண்ணுகிற வேகத்தில் சுற்றியது. மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. நாற்றங்காலெல்லாம் போர்வெல் தண்ணீரில்தான் உயிரோடு இருக்கிறது. எங்கள் டிரான்ஸ்பார்மரில் ஏழு மோட்டார். ஆறு மணிக்கு ஏழும் ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் இறங்கி இந்தத் தெருவில் மிக்ஸிகூடச் சுற்றாது. முப்பது வருஷமாக இங்கே குப்பை கொட்டுகிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். நேரத்துக்குத் தோன்ற வேண்டுமே.

"என்ன, வெந்துடுச்சா?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. அந்தக் குரலில் அத்தனை சந்தோஷம்.

எனக்கு வந்ததே ஆத்திரம். ஓவன் முன்னால் தரையில் உட்கார்ந்து, அழுகையும் கத்தலுமாக, வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன்.

"ஜெயிச்சிட்டீங்க! நல்லா சிரிங்க! வறுவலையே தின்னு, என்னை ஒண்டியா வுட்டுட்டுப் போய்ச் சேருங்க!"

கொஞ்ச நேரத்தில் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஆளைக் காணோம். செல்போன் மேஜையிலேயே கிடந்தது. எங்கே போயிருப்பார் என்று எனக்கா தெரியாது? வறுவல் கடையில் இந்நேரம் சட்டி காய்ந்திருக்கும். போகட்டும் என்று மூக்கைச் சிந்திவிட்டு, வீம்புக்கு ஓவன் குமிழை மறுபடியும் திருகி வைத்தேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். டியூப்லைட் துடிப்பது நின்றது. விசிறி மெல்ல வேகம் பிடித்து, காலண்டரை அடித்துப் புரட்டியது. ஓவனுக்குள் கம்பி செக்கச்செவேலென்று ஆனது. மிளகு வாசனை எழும்பியது. எந்தப் புண்ணியவானோ மோட்டாரை நிறுத்தியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

இவர் திரும்பி வந்தபோது சட்டை முழுக்க வேர்வை, முழங்கால் வரை சேறு.

"எத்தனை துண்டு உள்ள போச்சு? வாயை ஊதுங்க."

ஊதவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அந்த நேரத்தில் அவருடைய போன் அடித்தது. நான் எடுத்தேன். பக்கத்து வயல்கார நாகநாதன்.

"அக்கா, மீனு வெந்துடுச்சா? மோட்டாரப் போடலாமா? நாத்தாங்கால் காயுதுக்கா."

"என் மீனுக்கும் ஒங்க மோட்டாருக்கும் என்னப்பா?"

"அண்ணன்தான் நிறுத்தச் சொன்னாரு. மொதல்ல அவரு மோட்டார நிறுத்திட்டு, அப்புறம் ஒவ்வொரு மோட்டார் கொட்டகையா வந்து சொன்னாரு. வரப்புல நின்னு நின்னு நடந்து வந்தாருக்கா, பாவமா இருந்துச்சு. ஏழும் நிறுத்தித்தான் கெடக்கு."

இன்னும் பத்து நிமிஷம் பொறுத்துக்கொள் என்று எப்படியோ சொல்லிவிட்டு போனை வைத்தேன். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், காலையில் வேப்பமரத்தைப் பார்த்த அதே பார்வை.

"எதுக்குப் போனீங்க? சும்மா இருந்திருந்தா நீங்கதான ஜெயிச்சிருப்பீங்க?"

"பசிச்சுது" என்றார்.

மீனைத் தட்டில் வைத்தேன். தலையைப் பிட்டு, கன்னத்துச் சதையை எடுத்து வாயில் போட்டார். "உப்பு பத்தல" என்றார். பிறகு முள் முள்ளாக ஆய்ந்து, சோற்றையும் மிச்சம் வைக்காமல் தின்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தத் தட்டு காலியாவதைப் பார்த்தேன்.

கை கழுவிவிட்டு வந்து, "ஃப்ரீசர்ல இருக்கற துண்டையும் நாளைக்கு இதுலயே வச்சுடு. மூணு மணிக்கே வச்சுடு, அப்ப மோட்டார் ஓடாது" என்றார்.

"முடியாது" என்றேன். "ஆறு மணிக்குத்தான் வப்பேன். நடந்து போயி நிறுத்திட்டு வாங்க."