துக்கம் கேட்க வந்தவர்கள்

டெலியா மரினன் தன் கணவன் செனனுக்குத் துக்கம் காக்கப் போகிறாள் என்று நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னபோது ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. செனன் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. உடல் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் துருக்கியின் கடற்கரையிலிருந்து அயர்லாந்தில் எங்கள் கிளேர் மாவட்டத்து மூலைக்கு அதை யார் தூக்கிக்கொண்டு வருவார்கள்? 'காணவில்லை' என்று பட்டாளத்திலிருந்து தகவல் வந்தது, அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே டெலியா காலத்தை ஓட்டிவிட்டாள். 'செத்துப்போனார்' என்று அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. "வெளியில இருக்கார்" என்பாள், ஏதோ சந்தைக்குப் போனவரைச் சொல்வதுபோல.

இந்த ஊரை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. செனனும் மற்றப் பையன்களும் இங்கிலாந்து ராஜாவின் பட்டாளத்தில் சேர்ந்தபோது, இதே ஊர்தான் பேண்டு வாசித்து ரயிலேற்றி விட்டது. இப்போது விடுதலை வேண்டும் என்று இதே ஊர் அதே பட்டாளத்தை வேலிக்குப் பின்னால் ஒளிந்து நின்று சுடுகிறது. சுடட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பட்டாளத்தார் கொளுத்திய கூரைகளை நானும் பார்த்தவள்தான். ஆனால் எப்போதோ போய்ச் சேர்ந்தவன் இவர்களை என்ன செய்தான்?

டைக் ஹோனன் என்னைக் கிணற்றடியில் மடக்கினான். அன்று பேண்டில் டிரம் அடித்தவன் அவன். இன்று துப்பாக்கியோடு திரிகிற பையன்களுக்குத் தலைவன்.

"வின்னி, அந்தம்மாகிட்ட சொல்லிடு. ராஜாவோட சிப்பாய்க்கு இந்த ஊர்ல துக்கம் கிடையாது. யார் யார் போறாங்கன்னு பார்த்து வச்சுக்குவோம்."

"என் மூஞ்சிய நல்லா பார்த்து வச்சுக்கோடா. சட்டுனு மறக்கற மூஞ்சியா இது?"

"உன் வாய்க்கு ஒரு நாள் இருக்கு."

"அன்னிக்கும் நீயே வந்து டிரம் அடி. உனக்குத்தான் நல்லா வரும்."

வீறாப்பாகப் பேசிவிட்டேனே தவிர, பாதித் தண்ணீரைச் சிந்திக்கொண்டுதான் வீடு சேர்ந்தேன்.

துக்கம் காக்கச் சொன்னவளே நான்தான். காரணம் அந்தத் தாழ்ப்பாள். போன குளிர்காலத்தில் ஒரு நாள் பொழுது சாயும் நேரம் டெலியா வீட்டில் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து தூக்கினாலும் எழும்புகிற வாசல் தாழ்ப்பாள் மெல்ல மேலே எழும்பியது. எழும்பி அப்படியே நின்றது. பிறகு யாரோ யோசித்துப் பிடியை விட்டதுபோலக் கீழே இறங்கியது. கதவு திறக்கவில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன், பாதையில் ஒரு ஜீவன் இல்லை. வாசற்கல் மட்டும் ஈரமாக இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது.

"தினமும்தான்," என்றாள் டெலியா, நெருப்பைக் கிளறிக்கொண்டே. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஊர் கூடி வந்து கைகொடுத்துத் துக்கம் கேட்கும்வரை, செத்தவனுக்குத் தான் செத்தது தெரியாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதை அவளிடம் சொன்னேன். எரிந்து விழுந்தாள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு தானாகவே என் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"இப்படியே நடந்துட்டிருந்தா அவர் கால் என்னத்துக்கு ஆகும், வின்னி?" என்றாள்.

இரவு முழுக்க விழித்திருந்து காப்பதுதான் முறை. இந்த வருஷம் இருட்டியபின் வெளியில் தலை காட்டினால் பட்டாளத்தார் சுடுகிறார்கள். அதனால் பகலிலேயே வைத்துக்கொண்டோம். கட்டிலில் செனனின் ஞாயிற்றுக்கிழமை உடுப்பை நீட்டிப் படுக்க வைத்தாள் டெலியா. சட்டைக் கையில் ஜெபமாலையைச் சுற்றினாள். கால்மாட்டில் பூட்ஸ். கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். மேஜையில் ரொட்டி, மூக்குப்பொடித் தட்டு, வருகிறவர்கள் புகைபிடிக்கப் புதிய மண் சுங்கான்கள். நாங்கள் இரண்டே பேர் இருந்த வீட்டில் ஊருக்கே ஆகிற டீ கொதித்தது.

மதியம் ஆயிற்று. யாரும் வரவில்லை. எதிர் வயலில் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்கள் வாசலுக்கு முதுகைக் காட்டியபடியே பாத்தி பாத்தியாக நகர்ந்தார்கள். இப்படி வேலை செய்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும், பிடிக்கட்டும் என்று சபித்தேன்.

ஒரு தூறல் வந்து போனது. அது ஓய்ந்தபோது வாசற்படியில் ஒருவன் நின்றான். காக்கிச் சட்டை. வீட்டைச் சோதனை போட வந்துவிட்டார்கள் என்று எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அவன் தொப்பியைக் கழற்றினான். நேராக டெலியாவிடம் போய்க் கையை நீட்டினான்.

"உங்க துக்கத்துக்கு ரொம்ப வருத்தப்படறேன்மா."

எங்கள் ஊரில் சொல்வது அந்த ஒன்றுதான். வேறு எதையாவது சொன்னால் சாவு வீட்டில் பிரசங்கம் பண்ணுகிறான் என்பார்கள். அவன் ஒரு சுங்கானை எடுத்தான், "ஆண்டவர் அவர்மேல இரங்கட்டும்" என்றான், சுவரோரம் போய் உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். அப்புறம் இன்னொருவன். வாசலைத் தாண்டி வரிசை நின்றது. எனக்கும் கைகொடுத்தார்கள். நாளெல்லாம் துணி துவைத்தவளின் விரல்போல ஒவ்வொரு கையும் ஊறிச் சுருங்கியிருந்தது. வெளியே வெயில் வந்துவிட்டது. இவர்கள் சட்டையிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

வரிசையில் ஒரு செம்பட்டைத் தலையனை எனக்கு அடையாளம் தெரிந்தது. கில்ரஷ் டவுனில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் அம்மாவின் மகன். அவன் சண்டையில் செத்த செய்தி வந்து பூசை வைத்தபோது நான் அவன் அம்மாவின் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அம்மாவைப் பார்த்தா சொல்லுங்க, கொஞ்சம் லேட்டாகும்னு."

"சொல்றேன் கண்ணு," என்றேன். வேறென்ன சொல்வது?

டெலியா ஒவ்வொருவருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தாள். யாரும் குடிக்கவில்லை. விளிம்புவரை நிறைந்த கோப்பைகளைக் கையில் பிடித்தபடி மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். சுங்கானை இழுத்தார்கள், புகை வரவில்லை. அடுப்படியில் கிடந்த நாய் காதை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது. எங்கள் ஊர் வராத துக்கத்துக்கு இவர்கள் வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. பயத்தோடு பயமாக வெட்கமும் பிடுங்கித் தின்றது.

வரிசையின் கடைசியில் செனன் நின்றான். ரயிலேறிய அன்று இருந்த அதே இளமை. முதலில் என் கையைக் குலுக்கினான், யாரோ எவரோ என்பதுபோல. பிறகு டெலியாவின் முன்னால் வந்து தொப்பியைக் கழற்றினான். கட்டிலில் கிடந்த உடுப்பைப் பார்த்தான்.

"யாரும்மா போனது?" என்று கேட்டான்.

டெலியாவின் கையிலிருந்த கெட்டிலின் மூடி கடகடவென்று ஆடியது.

"உட்காருங்க. டீ ஆறிடும்," என்றாள்.

அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. போனது அவன்தான் என்று சொல்லாவிட்டால் அவன் உட்காருவான். நாளைக்கும் வருவான். ஊறிப்போன கையோடும் நிறைந்த கோப்பையோடும் காலம் முழுக்க அவளுக்கெதிரே உட்கார்ந்திருப்பான். அதுபோதும் என்று அவள் முகம் சொன்னது. எனக்குக் கோபம் வந்தது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்றும் தோன்றியது. சொல்லடி என்று கத்த வாயைத் திறந்தேன், அதற்குள் அவனே முந்திக்கொண்டான்.

"உட்கார நேரமில்லம்மா," என்றான் செனன். "வீட்டுக்குப் போகணும். என் பொண்டாட்டி காத்துட்டிருப்பா. தனியா இருக்கப் பயப்படுவா."

"வீடு எங்க?"

"இங்கதான் பக்கத்துல. தினம் வந்துடறேன். ஆனா தாழ்ப்பாளைத் தூக்கி இடுக்கு வழியா பார்த்தா, உள்ள வேற யாரோ ஒரு பெரியம்மா உட்கார்ந்திருக்காங்க. வீடு மாறி வந்துட்டோம்னு திரும்பிடறேன்." வெட்கப்பட்டவன்போலச் சிரித்தான். "மறுபடி கடல்லேருந்து நடக்கணும். கால் ரொம்ப வலிக்குதும்மா."

டெலியா கெட்டிலைக் கீழே வைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவன் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"போனது என் வீட்டுக்காரர். பேரு செனன் மரினன். பட்டாளத்துல இருந்தார். படகுலேருந்து இறங்கறப்போ குண்டு பட்டுச்சோ, முதுகுமூட்டை கனத்துல முங்கினாரோ, யாருக்கும் தெரியல. நீந்தத் தெரியாது அவருக்கு." ஒரு மூச்சு இழுத்தாள். "செத்துப்போயிட்டார்."

சுவரோரம் இருந்த அத்தனை பேரும் தலை நிமிர்ந்தார்கள். செனன் உடுப்பைப் பார்த்தான். பூட்ஸைப் பார்த்தான். அதில் அவன் கையாலேயே போட்ட ஒட்டு இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு டெலியாவின் பக்கம் திரும்பி, அவள் நெற்றியை, கன்னத்தை, காதோரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேடினான்.

"டெலியா," என்றான். "முடியெல்லாம் நரைச்சுப்போச்சேடி உனக்கு."

"ஆமா," என்றாள் அவள். "நீங்கதான் வரவே இல்லையே."

அவன் கை அவள் கன்னம்வரை போய், தொடாமல் நின்றது. மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, சுங்கான்களை மேஜையில் இருந்தபடியே அடுக்கி வைத்துவிட்டு வெளியே போனார்கள். செனன் கடைசியாகப் போனான். வாசலுக்கு வெளியே வெயிலில் பாதை நெடுகக் காய்ந்து கிடந்தது, ஓர் ஈரக் காலடிகூட இல்லை.

டெலியா கட்டிலில் விழுந்து அந்தக் கோட்டைக் கட்டிக்கொண்டாள். நான் அவள் தோளைப் பிடித்தேன், உதறினாள். ஒப்பாரி கிளம்பியது. "செத்துப்போயிட்டீங்களே, செத்துப்போயிட்டீங்களே" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர் வயலில் மண்வெட்டிகள் நின்றன. அங்கிருந்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். ஒருவரும் வேலியைத் தாண்டவில்லை. ஒருவர் தொப்பியைக் கழற்றினார், பிறகு மற்றவர்களும். அவள் அழுது ஓயும்வரை அப்படியே நின்றார்கள்.