முன்வரிசை

நான் தஞ்சாவூர்க்காரி. அதனால் எனக்கு ஆடத் தெரியும் என்று மலேசியாவில், பெட்டாலிங் ஜெயா ஆபீஸில் எல்லோரும் தாங்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். எங்கள் ஊரில் சலங்கை கட்டாத காலே கிடையாது என்று நினைப்பு. கணக்குப் பிரிவு வனேசா மட்டும்தான், "தெரியாதுன்னா என்னா, கத்துக்கிறியா?" என்று கேட்டாள்.

செந்தூலில் அவள் ஃபிளாட்டுக்குக் கீழே, கார் நிறுத்துமிடத்தில், இரண்டு வருஷம் என்னை அரைமண்டியில் உட்காரவைத்து முட்டியைக் கழற்றினாள். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி. தரையைத் தொட்டுக் கும்பிட்டதும் சிலுவை போட்டுக்கொள்வாள். அவள் செய்வதையெல்லாம் செய்த வேகத்தில் ஒருநாள் நானும் போட்டுவிட்டேன். வயிறு வலிக்கச் சிரித்தாள்.

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுவிழா. ஒத்திகையில் வனேசா முன்னால் நின்றாள், நாங்கள் நால்வர் பின்னால். அவள் சிலுவை போட்டதைத் தலைவர் நாகையா பார்த்துவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு கடைசில நிக்கட்டும் மலர். பண்பாட்டு விழாவுல சிலுவை போடுறவ முன்னுக்கு நின்னா நாலு பேரு கேப்பாங்க லா. நீ தஞ்சாவூரு, நீ நில்லு."

"எனக்குக் கத்துக் குடுத்ததே அவதான் அங்கிள்."

"அது யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வனேசாவிடம் போய் அவர் சொன்னதைச் சொல்லி, ஆடமாட்டேன் என்றேன்.

"நீ போயிட்டா டான்ஸையே கேன்சல் பண்ணிருவாரு. நான் பின்னுக்கே ஆடுறேன், விடு," என்றாள். பள்ளிக்கூட நாளிலிருந்து ஆடுகிறவள் அவள்.

விழா அன்று திரை விலகியது. முன்னால் நான், நடுவில் மூவர், கடைசியில் வனேசா. பாட்டு தொடங்குவதற்குள் நான் திரும்பி நடந்தேன். எல்லோரையும் தாண்டிப் போய் வனேசாவுக்குப் பின்னால் நின்றேன்.

"என்னா பண்ற? முன்னுக்குப் போ," என்று பல்லைக் கடித்தாள்.

"மாட்டேன்."

நடுவில் நின்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் பூச்சோங்கிலிருந்து வரும் உஷாராணி என் பக்கத்தில் வந்து நின்றாள். அப்புறம் மற்ற இருவரும் வந்தார்கள்.

கீழே முன்நாற்காலியிலிருந்து நாகையா எழுந்து கையை ஆட்டினார். "உக்காருங்க அங்கிள், மறைக்குது," என்றது அவருக்குப் பின்னால் இருந்த கூட்டம். உட்கார்ந்தார்.

பாட்டு தொடங்கியது. வனேசா நின்ற இடத்தை விட்டு ஓர் அடிகூட நகர்ந்திருக்கவில்லை. அவளுக்கு முன்னால் இப்போது யாருமில்லை.