வெந்நீரைக் குறைத்தவள்

ஹீட்டரில் ஒரு கோளாறும் இல்லை என்பது அந்த வீட்டில் நோரீனுக்கு மட்டும்தான் தெரியும்.

ஏப்ரலில் நண்டுப் பருவம் தொடங்கியதிலிருந்து அவள் கணவன் ஜெரார்டு விஃபன் விடியுமுன் படகுக்குப் போய், மத்தியானம் எலும்பு வரைக்கும் குளிர் ஏறி வீடு திரும்புவான். ரப்பர் உடுப்புகளைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டு நேரே குளியலறைக்குப் போவான். மூன்று நிமிடம் ஆகாது, உள்ளேயிருந்து குரல் வரும்.

"நோரீன், இது வெந்நீரா? யாரோ குடிச்சிட்டு மறந்துபோன டீ மாதிரி இருக்கு."

அந்தத் துறைமுக ஊரில் குழாய் வேலையும் மின்சார வேலையும் தெரிந்தவர் ஆம்ப்ரோஸ் கீலி ஒருவர்தான். அறுபது வயது, கனத்த உடம்பு. முதல் தடவை வந்தவர் நிலவறையில் நின்ற ஹீட்டரைப் பரிசோதித்து, அடிப்பக்கத்தில் தண்ணீரைச் சூடாக்கும் காயிலில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று புதியது போட்டார். இரண்டு நாள் தண்ணீர் கொதித்தது, பிறகு பழையபடி வெதுவெதுப்பு. இரண்டாம் தடவை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். மூன்றே நாள். அதன் பிறகும் அதே கதை.

ஒவ்வொரு தடவையும் ஜெரார்டு கடலுக்குப் போன பிறகு, குழந்தை தூங்கும் நேரம் பார்த்து, நோரீன் திருப்புளியோடு நிலவறைக்கு இறங்கினாள். ஹீட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பஞ்சுப் பொதியை விலக்கி, உள்ளேயிருந்த தெர்மோஸ்டாட்டின் சின்னத் திருகைக் குறைத்து வைத்துவிட்டு ஏறி வந்தாள்.

மகள் மோராவுக்குப் பதினொரு மாதம். எதைக் கண்டாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும் வயது. நண்டுப் பருவம் தொடங்கிய வாரத்தில் ஒருநாள் குளிப்பாட்டும்போது, நோரீன் துண்டை எடுக்கத் திரும்பிய நேரத்தில், மோரா வெந்நீர்க் குழாயின் பிடியைப் பற்றி எழுந்து நின்றாள். குழாய் திறக்கவில்லை. ஆனால் நோரீன் துண்டைப் போட்டுவிட்டு அவளை ஈரத்தோடு வாரி எடுத்துக்கொண்டாள். அன்றுதான் முதல் தடவை கீழே இறங்கினாள்.

அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது தம்பி டெர்மட்டுக்கு இரண்டு வயது. அவனைத் தொட்டியில் உட்கார வைத்து, பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். வெளியே பனி வாரும் வண்டியின் சத்தம் கேட்டது. நோரீன் ஜன்னலுக்கு ஓடினாள். திரும்பி வருவதற்குள் டெர்மட் குழாயைத் திறந்துவிட்டிருந்தான். அவனுடைய இடது காலில் பாதத்திலிருந்து முழங்கால் வரை தோல் இன்றும் சுருங்கித்தான் இருக்கிறது. அடுப்பிலிருந்த பாத்திரம் கவிழ்ந்தது என்று வீட்டில் ஒரு கதை உண்டாயிற்று. அந்தக் கதையைத்தான் ஜெரார்டும் கேட்டிருந்தான்.

இதெல்லாம் தன்னோடு போயிருந்தால் நோரீன் வாயைத் திறந்திருக்க மாட்டாள். ஆனால் ஜெரார்டு சும்மா இருக்கவில்லை. ஆம்ப்ரோஸுக்குக் கண் மங்கிவிட்டது, கை நடுங்குகிறது, ஒரு ஹீட்டரைக்கூடச் சரிசெய்யத் தெரியவில்லை என்று படகுத்துறையில் சொல்லியிருந்தான். துறையில் காலையில் சொன்ன பேச்சு மத்தியானம் கடைக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமை கடையில் பால் டின் வாங்கும்போது நோரீன் காதில் விழுந்தது: தேவாலய மண்டபத்துக்கு வெப்பக் குழாய் போடும் வேலை ஆம்ப்ரோஸுக்கு வரவேண்டியது, அதை நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

சனிக்கிழமை காற்று பலமாக இருந்ததால் படகுகள் போகவில்லை. ஆம்ப்ரோஸ் கூப்பிடாமலே வந்தார்.

"மூணாவது தடவை, ஆம்ப்ரோஸ்," என்றான் ஜெரார்டு. "இந்தத் தடவை சரியாகலேன்னா டீகூடக் கிடையாது."

"உங்க வீட்டு டீயைக் குடிச்சவன்தானே நான். அது கிடைக்கலேன்னா எனக்கு லாபம்தான். வெளிச்சத்தைப் பிடிப்பா."

இருவரும் இறங்கினார்கள். நோரீன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படிக்கட்டின் பாதியில் நின்றாள். ஆம்ப்ரோஸ் மெயினை அணைத்து, மூடியைக் கழற்றினார். பிறகு ஒன்றும் செய்யாமல் உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். போன தடவை திருகை அறுபது டிகிரியில் வைத்து, நேரே பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார். இப்போது திருகு கோட்டைவிட்டு வெகுதூரம் விலகி இருந்தது. பஞ்சுப் பொதியும் தலைகீழாகச் செருகப்பட்டிருந்தது.

"நீ இதைத் தொட்டியா?"

"நானா? பல்பு மாத்தவே எனக்குப் பயம். அவளைக் கேளு."

ஆம்ப்ரோஸ் படிக்கட்டைப் பார்த்தார். நோரீனின் முகத்தில் அவர் பார்வை ஒரு கணம் நின்றது. பிறகு ஹீட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"திருகு தளர்ந்திருக்கு," என்றார். "நான்தான் சரியா இறுக்காம விட்டிருப்பேன். என் தப்புதான்."

"நான் சொல்லலே?" என்றான் ஜெரார்டு.

அந்த மனிதர் தன் நல்ல பெயரை எடுத்து அவள்மேல் போர்த்திவிட்டார். அந்தப் போர்வைக்குள் நிற்க நோரீனால் முடியவில்லை.

"தளரவெல்லாம் இல்ல," என்றாள். "நான்தான் திருப்பினேன்."

ஜெரார்டு விளக்கை அவள் பக்கம் திருப்பினான். "என்ன சொல்றே?"

"ஒவ்வொரு தடவையும் நான்தான். நீ போனப்புறம்."

அவன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். நோரீன் படியில் உட்கார்ந்து, குழந்தையின் தலைக்கு மேலாகப் பார்த்தபடி டெர்மட் கதையைச் சொன்னாள். இருபத்தாறு வருடமாக உள்ளே இருந்த கதை. சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

முதலில் பேசியது ஆம்ப்ரோஸ்தான். "மெயினை அணைச்சிட்டுத்தானே திறந்தே, மகளே?"

"ரெண்டாவது தடவையிலிருந்து அணைச்சேன்."

அவர் கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் மெதுவாக உட்கார்ந்தார். "இருநூத்தி நாப்பது வோல்ட்டு," என்றார். "உன் விரலுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு பொத்தான் அகலம்தான். மேல குழந்தை தூங்குது, கீழ நீ கிடக்கறே. இவன் வீட்டுக்கு வர மத்தியானம் ஆகும்." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜெரார்டு படியேறி வந்தான். அவள் கையிலிருந்து மோராவை வாங்கிக்கொண்டு வெளியே போனான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"கோபம்தான். அவனுக்கு இருக்கற மாதிரி எனக்கும் இருக்கு," என்றார் ஆம்ப்ரோஸ். "ஆனா நீ பயந்தது தப்பில்ல. அறுபது டிகிரித் தண்ணி பட்டா குழந்தைத் தோல் தாங்காது. அதுக்காக டாங்கிச் சூட்டைக் குறைச்சா உள்ள கிருமி வளரும், நெஞ்சைப் பிடிக்கற கிருமி. டாங்கி சூடாத்தான் இருக்கணும். வெளிய வர்ற குழாய்ல ஒரு வால்வு போட்டா அதுவே பச்சைத்தண்ணியைக் கலந்து, நாப்பத்தெட்டுக்கு மேல போகாம அனுப்பும். குழந்தை இருக்கற வீடுன்னு நானே கேட்டிருக்கணும். புதன்கிழமை கொண்டாறேன். அதுவரைக்கும் குளியலறைப் பக்கம் அவளைத் தனியா விடாதே."

அவர் போன பிறகு ஜெரார்டு திரும்பி வந்தான். மோரா அவன் தோளில் தூங்கிப்போயிருந்தாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"எப்படிச் சொல்றது? சின்னப் பையனைத் தொட்டியில விட்டுட்டு ஜன்னலுக்கு ஓடினவகிட்ட, உன் பிள்ளையை விட்டுட்டு நீ கடலுக்குப் போவியா?"

அவன் குழந்தையை மறுதோளில் சாய்த்துக்கொண்டான்.

"உனக்கு ஒன்பது வயசு, நோரீன். ஒன்பது வயசுப் பிள்ளையை நம்பி விட்டுட்டுப் போனது யாரு?"

அவள் அப்படி யோசித்ததே இல்லை. யோசிக்கவும் அப்போது பிடிக்கவில்லை. அம்மா செத்து நாலு வருடம் ஆகிறது.

"ஆம்ப்ரோஸைப் பத்தித் துறையில நான் பேசினதை நானே எடுத்துக்கறேன்," என்றான். "ஹீட்டர் சரியாயிடுச்சுன்னு சொல்லிடறேன். உன் பேரை எதுக்கு இழுக்கணும்?"

"சரியாயிடுச்சுன்னு சொன்னா, மூணு தடவை வந்துதான் சரிபண்ணினார்னுதான் பேசுவாங்க. அது போதாது."

ஞாயிறு பூசை முடிந்ததும், மண்டபத்தைக் கவனிக்கும் பிலோமினாவிடம் நோரீன் போனாள். பிலோமினா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளிடம் சொல்வதும் ஊரைக் கூட்டிச் சொல்வதும் ஒன்றுதான். தெரிந்துதான் நோரீன் அவளைத் தேர்ந்தெடுத்தாள். நாற்காலி அடுக்க உதவியபடியே, ஹீட்டரைக் கெடுத்தது தான்தான் என்றும், ஏன் என்றும், ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

"டெர்மட் காலு பாத்திரம் கவிழ்ந்து வெந்ததுன்னு உங்கம்மா என்கிட்ட சொன்னா," என்றாள் பிலோமினா.

"எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க."

"நான் நம்பல. அப்படிக் கவிழ்ந்தா மேலேருந்துதானே வேகும்." அவள் கடைசி நாற்காலியைத் தூக்கி வைத்தாள். "மண்டப வேலையைக் கொடுத்தாச்சு, திருப்பி வாங்க முடியாது. ஆம்ப்ரோஸ்கிட்ட நான் பேசிக்கறேன். பாதிரியார் வீட்டுக் கொதிகலன் ஏற்கெனவே இருமிக்கிட்டுத்தான் இருக்கு."

புதன்கிழமை ஆம்ப்ரோஸ் பித்தளை வால்வைப் பொருத்தினார். ஜெரார்டு பக்கத்தில் நின்று குழாயைப் பிடித்துக்கொண்டான். துறையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டபோது, "அந்தப் பக்கம் சாய்க்காதே, ஒழுகும்," என்றார் ஆம்ப்ரோஸ். அன்று இரண்டு கோப்பை டீ குடித்தார்.

அன்று மாலை நோரீன் ஆல்பர்ட்டாவிலிருக்கும் டெர்மட்டுக்குப் போன் போட்டாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஹீட்டரிலிருந்து தொடங்கினாள். அவன் குறுக்கிடாமல் கேட்டான்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல, அக்கா," என்றான். "பாத்திரம்னுதான் நெனச்சிருந்தேன். அப்புறம் அந்த வீட்டு ஹீட்டரை அப்பா குறைச்சாரா?"

நோரீன் யோசித்துப் பார்த்தாள். அந்த வீட்டை விட்டுக் கல்யாணமாகி வரும்வரை, குழாயைத் திறந்தால் ஆவி பறந்ததுதான் நினைவுக்கு வந்தது.

"இல்ல. கடைசிவரைக்கும் குறைக்கல."

மறுமுனையில் டெர்மட் நீளமாக மூச்சு விட்டான்.

"அப்போ நம்ம குடும்பத்துலேயே அதைக் குறைக்கணும்னு தோணினது உனக்கு மட்டும்தான்," என்றான். "சரி, போனைப் பிள்ளை காதுல வை. மாமா பேசறேன்னு சொல்லு."